ஒரு தாளம், பல சாட்சிகள்: ஜமேக்காவின் கோஸ்பல் ரிடிம் தொகுப்புகளைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

ஜமேக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலில் அமைந்த கிறிஸ்தவப் பாட்டுத் தொகுப்பு ஒன்றை முதன்முதலாகக் கேட்பவருக்கு, இரண்டாவது பாட்டு தொடங்கியவுடனேயே ஒரு சந்தேகம் வரும். முதல் பாட்டு முடிந்துவிட்டதா, அல்லது அதுவேதான் திரும்ப ஓடுகிறதா? பாடுபவர் மாறியிருக்கிறார், வரிகள் வேறு, மெட்டும் வேறு. ஆனால் அடியில் ஓடும் டிரம்மும் பேஸும் சற்றுமுன் கேட்டவையே. மூன்றாவது பாட்டிலும் அப்படித்தான், பத்தாவது பாட்டிலும் அப்படித்தான். இதில் தவறு எதுவும் நேர்ந்துவிடவில்லை. ஒரே பின்னணி இசையின் மேல் பலர் தத்தம் பாட்டைக் கட்டிப் பாடுவது ஜமேக்க இசையின் அடிப்படை வழக்கம். அந்த வழக்கம் எப்படிப் பிறந்தது, கோஸ்பல் எனப்படும் நற்செய்திப் பாடல்கள் அதற்குள் எப்படி வந்து சேர்ந்தன, இப்படிப்பட்ட தொகுப்பை எப்படிக் கேட்பது ஆகியவற்றை எளிமையாகச் சொல்ல இங்கே முயல்கிறேன். ஒரே கூட்டத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பத்துப் பேர் எழுந்து நின்று சொல்லும் சாட்சியாக இதைக் கேட்டால்தான் இது முழுமையாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ரிதம்’ என்பதை ஜமேக்க மக்கள் தங்கள் பாட்வா மொழியில் ‘ரிடிம்’ என்று உச்சரிக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தச் சொல்லின் பொருள் தாளத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பாட்டிலிருந்து பாடகரின் குரலை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ, அது முழுவதும் ரிடிம்தான். டிரம் அமைப்பும் பேஸ் வரியும் அதன் எலும்புக்கூடு. கீபோர்டு, கிதார், கைத்தட்டல் போன்றவை அதன்மேல் பூசிய சதை. ஒவ்வொரு ரிடிமுக்கும் ஒரு பெயர் உண்டு. பாட்டின் பெயரை மறந்தவர்கள்கூட ரிடிமின் பெயரைச் சரியாகச் சொல்வார்கள்.

தமிழ் வாசகர் இதை நமக்குத் தெரிந்த ஒன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில், பாட்டின் தலைப்புக்குக் கீழே ‘வர்ணமெட்டு’ என்று போட்டு, எல்லாருக்கும் தெரிந்த வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்திருப்பார்கள். அங்கே பொதுவாக இருப்பது மெட்டு. வாசிக்கும் கருவிகள் ஆர்மோனியமாகவும் இருக்கலாம், வெறும் ஜால்ராவாகவும் இருக்கலாம். ரிடிம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மெட்டு ஒவ்வொரு பாடகரின் சொந்தப் படைப்பு. பொதுவாக இருப்பது காலடியில் உள்ள தரை. அதே தரையில் ஒருவர் நடக்கலாம், ஒருவர் ஓடலாம், ஒருவர் மண்டியிடலாம்.

டான்ஸ்ஹாலில் மிகவும் பழக்கமான டிரம் அமைப்பை மேசையில் தட்டியே தெரிந்துகொள்ள முடியும். எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காகப் பிரிக்காமல், மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து, ‘தகிட தகிட தக’ என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும், அதாவது 1, 4, 7 ஆகிய எண்ணிக்கைகளில், கையால் தட்டுங்கள். அது பழகியபின் காலால் 1, 5 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டும் தரையைத் தட்டுங்கள். கையும் காலும் முதல் எண்ணிக்கையில் சேர்ந்து விழும். பிறகு ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மறுசுற்றின் தொடக்கத்தில் மீண்டும் சேரும். அந்த விலகலும் சேர்தலும்தான் உடம்பை அசைக்கிறது. காலின் தட்டுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 வரை வரும் வேகத்தில் இதைச் செய்தால், பல டான்ஸ்ஹால் ரிடிம்களின் நாடித்துடிப்பு உங்கள் மேசையிலேயே கேட்கும்.

இனி வரலாறு. 1950களிலிருந்து கிங்ஸ்டன் நகரில், பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் அடுக்கி, இசைத்தட்டுகளைப் போட்டு மக்களை ஆடவைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்னும் ஏற்பாடு வளர்ந்தது. 1960களின் பிற்பகுதியில், ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்த ரடி ரெட்வுட் என்பவருக்கு, டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரின் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில், பாராகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்று குரல் இல்லாமல் வெட்டித் தரப்பட்டது. அவர் அதை அன்றிரவு நடனத்துக்குக் கொண்டுபோனார். முதலில் குரலோடு உள்ள பாட்டைப் போட்டார். அடுத்து குரலில்லாத தட்டைப் போட்டார். கூடியிருந்தவர்கள் விட்டுப்போன வரிகளைத் தாங்களே பாடத் தொடங்கினார்கள். குரலுக்கான இடத்தைக் காலியாக விட்டால் அதை நிரப்ப மக்கள் காத்திருக்கிறார்கள் என்பது அந்த இரவில் தெரிந்தது. சிறிது காலத்திலேயே இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டும் மறுபக்கத்தில் குரலில்லாத ‘வெர்ஷன்’ என்ற வடிவமும் பதிப்பது ஜமேக்காவில் வழக்கமாயிற்று.

அந்தக் காலி இடத்தில் பேச்சும் சந்தமும் கலந்து முழங்குபவர்கள் வந்தார்கள். அவர்களை ஜமேக்காவில் டீஜே என்பார்கள்; தட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுபவர் செலக்டர். மற்ற நாடுகளில் தட்டுப் போடுபவரையே டீஜே என்று சொல்வதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. யூ-ராய் என்ற டீஜே 1970இல் பழைய ட்ரெஷர் ஐல் பாடல்களின் பின்னணியில் முழங்கிய இசைத்தட்டுகள் பெரும் வெற்றி பெற்றன. 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் என்ற தயாரிப்பாளர், ஒரே ரிடிமின் வெவ்வேறு வடிவங்களால் மட்டுமே ஆன ‘யமஹா ஸ்காங்க்’ என்ற முழு இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஒரே ரிடிம் தொகுப்புகளில் முதலாவதாகப் பலரும் குறிப்பிடுவது அதைத்தான்.

கணினிக் காலத்துக்கு இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது ஒரு சிறிய கேசியோ கீபோர்டு. எம்டி-40 என்ற அந்த மலிவான கருவிக்குள் முன்பே பதிந்துவைத்திருந்த ஒரு தாளத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமி 1985இல் ‘ஸ்லெங் டெங்’ ரிடிமை வெளியிட்டார். அந்தத் தாளத்தை அமைத்தவர் கேசியோ நிறுவனத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஹிரோகோ ஒகுடா என்ற ஜப்பானியப் பெண். வாத்தியக்காரர்கள் பலர் கூடி வாசிக்காமலேயே ஒரு ரிடிமை உருவாக்கலாம் என்ற நிலை அதன்பின் வந்தது, செலவு சரிந்தது, வாரந்தோறும் புது ரிடிம்கள் பிறந்தன.

நம் காதுக்குப் பழகிய பெயருடைய ரிடிம் ஒன்றும் உண்டு. ஸ்டீவன் ‘லென்கி’ மார்ஸ்டன் அமைத்து 2002இல் பரவிய அந்த ரிடிமுக்கு அவர் வைத்த பெயர் ‘தீவாளி’. நம் பண்டிகையின் பெயரேதான். விரைவான கைத்தட்டல்களே அதன் அடையாளம். ஷான் பாலின் ‘கெட் பிஸி’, வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’, லூமிடியின் ‘நெவர் லீவ் யூ’ ஆகிய மூன்றும் 2003இல் அமெரிக்க வெற்றிப் பட்டியலில் உயரத்தில் இருந்தன. மூன்றுக்கும் அடியில் ஓடியது இந்த ஒரே ரிடிம். இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிட நல்ல தொடக்கப் பாடம் வேறில்லை. முதல் பாட்டு ஆடச் சொல்லி ஏவுகிறது, இரண்டாவது காதலில் உருகுகிறது, மூன்றாவது ஏங்கி நிற்கிறது. கைத்தட்டல் மட்டும் மாறவில்லை.

இப்போது தேவாலயத்துக்கு வருவோம். டான்ஸ்ஹால் இசைக்கும் தேவாலயத்துக்கும் தொடர்பே இல்லை என்றும், யாரோ சில பாடகர்கள் வெளியிலிருந்து ஒரு தாளத்தைத் தூக்கிவந்து சபைக்குள் வைத்துவிட்டார்கள் என்றும் நினைப்பது தவறு. 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஜமேக்கா முழுவதும் ஒரு பெரிய கிறிஸ்தவ எழுப்புதல் பரவியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், தங்கள் முன்னோரின் வழிபாட்டு முறைகளையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் சேர்த்து ‘ரிவைவல்’ என்ற மரபை அதிலிருந்து உருவாக்கினார்கள். அதன் ஒரு கிளை சயன். மற்றொரு கிளை போகோமேனியா, சுருக்கமாக ‘போகோ’. தலையில் துணிக்கட்டோடு வட்டமாகச் சுற்றிவந்து, தரையை மிதித்து, மூச்சையே தாளமாக்கி, மேளத்தோடு பாடும் வழிபாடு அது.

1980களின் இறுதியில் டான்ஸ்ஹால் தயாரிப்பாளர்கள் இந்தப் போகோ மேளத்தை நேராக எடுத்துக் கணினித் தாளமாக்கினார்கள். ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் அமைத்த ‘போகோ மேன் ஜாம்’ ரிடிமின் பெயரிலேயே அந்த வழிபாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ரிடிம் குடும்பத்திலிருந்துதான் ஷாபா ராங்க்ஸின் ‘டெம் போ’ 1990இல் வந்தது. அது பனாமா, போர்ட்டோ ரிக்கோ வழியாகச் சென்று ரெகேட்டோன் என்னும் லத்தீன் அமெரிக்க நடன இசையின் அடித்தளமாயிற்று. மேலே நீங்கள் மேசையில் தட்டிய ‘தகிட தகிட தக’ இதுதான். உலகம் முழுவதும் கேளிக்கை அரங்குகளில் ஒலிக்கிற ஒரு தாளத்தின் முன்னோர்களில் ஒருவர் ஜமேக்காவின் ஏழை மக்கள் கூடிய வழிபாட்டு வட்டம் என்பதை அறியும்போது, கோஸ்பல் டான்ஸ்ஹால் எனக்கு வீடு திரும்பிய இசையாகவே படுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். டான்ஸ்ஹாலுக்கு முன்னோடியான ரெகே என்னும் ஜமேக்க இசையில் விவிலியம் எங்கும் நிறைந்திருக்கிறது. மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 137ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. ஆனால் அது ரஸ்தஃபாரி நம்பிக்கையின் குரல். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியை வணங்கும் அந்த மரபில் சீயோன் என்பது ஆப்பிரிக்கா, பாபிலோன் என்பது ஒடுக்கும் அதிகாரம். கோஸ்பல் டான்ஸ்ஹால் பாடுபவர்களோ இயேசுவை இரட்சகராக ஏற்ற சபைக் கிறிஸ்தவர்கள். இரண்டும் ஒரே சங்கீதங்களைப் பாடலாம், ஒரே பாட்வாவில் பாடலாம். சொல்லும் செய்தி ஒன்றல்ல.

சபைக்கு வெளியே பெயர் பெற்ற கலைஞர்கள் மனந்திரும்பி வந்ததுதான் இந்த வகைக்கு உயிர் கொடுத்தது. மூச்சு விடாமல் முழங்குவதில் பெயர்பெற்ற பாப்பா சான், டான்ஸ்ஹாலின் முன்னணிப் பெயர்களுள் ஒருவரான லெப்டினன்ட் ஸ்டிச்சி ஆகிய இருவரும் 1997இல் கிறிஸ்தவர்களாகித் தங்கள் திறமையை முழுவதும் ஊழியத்துக்குத் திருப்பினார்கள். பாப் மார்லியின் பின்னணிக் குழுவில் பாடிய ஜூடி மோவாட், புற்றுநோயைக் கடந்து வந்த பாடகி கார்லீன் டேவிஸ் ஆகியோரும் 1990களில் நற்செய்திப் பாடல்களுக்கு வந்தவர்கள். டீஜே நிக்கலஸ், ப்ராடிகல் சன் போன்றவர்கள் அடுத்த வரிசை. ஆபாச வரிகளுக்காகவே ஒருகாலத்தில் அறியப்பட்ட லேடி சா 2015 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்று, மேரியன் ஹால் என்ற இயற்பெயரோடு ஊழியத்துக்கு வந்தது ஜமேக்கா முழுவதும் பேசப்பட்டது. மனந்திரும்பியபின் இவர்கள் மொழியையோ முழங்கும் முறையையோ விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவில் கற்ற அதே வேகமும் எதுகையும் சொல் வீச்சும் இப்போது வேறொன்றைச் சொல்லப் பயன்பட்டன.

தனிப் பாடகர்களின் தனித் தொகுப்புகள் இருக்கும்போது ஒரே ரிடிம் தொகுப்பு ஏன் தேவைப்பட்டது? முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. சபைப் பாடகர்களிடம் பணம் குறைவு. ஒரு தயாரிப்பாளர் ஒரே ஒரு ரிடிமை அமைத்து, பத்து அல்லது பதினைந்து பாடகர்களுக்கு அனுப்புகிறார்; ஒவ்வொருவரும் தமக்கு வசதியான கூடத்தில் தம் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புகிறார்; இதை அவர்கள் ‘வாய்ஸிங்’ என்பார்கள். பின்னணி இசைக்கு ஒருமுறை செய்த செலவில் ஒரு முழுத் தொகுப்பு உருவாகிறது. பெயர் தெரிந்த மூன்று பேருக்காக அதைக் கேட்க வருபவர், பெயர் தெரியாத ஏழு பேரையும் கேட்டுவிட்டுப் போகிறார். புதிய இளம் பாடகர் ஒருவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது கடினம்.

இரண்டாவது காரணம் நடன வழக்கத்தில் இருக்கிறது. செலக்டர்கள் ஒரே ரிடிமில் அமைந்த பாட்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போடுவார்கள். இதற்கு ‘ஜக்லிங்’ என்று பெயர். வேகமும் சுருதியும் ஒன்றாக இருப்பதால் தாவியது தெரியாது. பொது ரிடிம் ஒன்றில் நற்செய்திப் பாட்டு ஒன்றைப் பாடினால், ஜக்லிங்கில் அதற்கு முன்னால் துப்பாக்கியைப் புகழும் பாட்டும் பின்னால் கட்டிலைப் பற்றிய பாட்டும் வந்து நிற்கக்கூடும். தொகுப்பின் எல்லாப் பாட்டுகளும் நற்செய்திப் பாட்டுகளாகவே இருந்துவிட்டால், செலக்டர் எந்த இடத்தில் தாவினாலும் சாட்சியிலிருந்து சாட்சிக்குத்தான் தாவ முடியும். இளைஞர் கூட்டங்களிலும் கிறிஸ்தவ வானொலிகளிலும் அரை மணி நேரம் தயக்கமின்றி ஓடவிடலாம்.

மூன்றாவது காரணம்தான் என்னை இந்த வடிவத்தின்பால் இழுக்கிறது. ஜமேக்கச் சபைகளில், நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் நடப்பது போலவே, சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஒருவர் எழுந்து தமக்கு நடந்ததைச் சொல்வார், உட்காருவார், கோரஸ் ஒன்று பாடப்படும், அடுத்தவர் எழுவார். கூட்டம் ஒன்று, நம்பிக்கை ஒன்று, அனுபவம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ரிடிம் தொகுப்பின் கட்டமைப்பு இதேதான். ஒருவர் தம் பழைய வாழ்க்கையைச் சொல்கிறார்; ஒருவர் சங்கீதம் ஒன்றைப் பாட்வாவில் விரிக்கிறார்; ஒருவர் தாயின் ஜெபத்துக்கு நன்றி சொல்கிறார்; ஒருவர் தெருவில் நிற்கும் பையன்களை எச்சரிக்கிறார்; ஒருவர் சொற்களைக் குறைத்து வெறுமனே துதிக்கிறார். அடியில் உள்ள பேஸ் எவருக்காகவும் மாறுவதில்லை.

கேட்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். பாடகர் எந்த அடியில் நுழைகிறார் என்பதை முதலில் கவனியுங்கள். ஒருவர் ரிடிம் தொடங்குவதற்கு முன்பே ஜெபம்போலப் பேசத் தொடங்குவார்; மற்றொருவர் எட்டு அடிகள் பொறுத்திருந்து நுழைவார். அடுத்து, மெட்டைப் பாடுபவரையும் சந்தத்தில் முழங்குபவரையும் ஒப்பிடுங்கள். எல்லாருக்கும் சுருதி ஒன்றே என்பதால், கனத்த ஆண்குரல் கீழ் ஸ்தாயியில் தவழும்போது, அதே ரிடிமில் பெண்குரல் மேல் ஸ்தாயிக்குத் தாவிப் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயமே சில நேரம் அழகான மெட்டைப் பிறப்பிக்கிறது. அதன்பின், ஒலிக்கலவை செய்பவர் டிரம்மையும் பேஸையும் சட்டென நிறுத்தி, குரலைத் தனியே விடும் இடங்களைத் தேடுங்கள். டான்ஸ்ஹாலில் இது பழைய உத்தி. பாடகர் தம் கூர்மையான வரியைச் சொல்லும் இடத்தில் அது விழும். நற்செய்திப் பாட்டில் அந்த நிசப்தம் விழுவது பெரும்பாலும் இயேசுவின் பெயர்மேலோ, மனந்திரும்பிய கணத்தைச் சொல்லும் வரியின் மேலோதான். எந்தச் சொல்லுக்காகத் தாளம் நிற்கிறது என்று பார்த்தாலே பாட்டின் நடுப்புள்ளி தெரிந்துவிடும்.

இந்த இசையைச் சபையில் எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. ஆபாசத்தையும் வன்முறையையும் சுமந்து நின்ற தாளத்தைக் கேட்டதும் உடம்புக்குப் பழைய ஆட்டம்தான் நினைவுக்கு வரும், வரியை மாற்றினால் மட்டும் போதாது என்று மூத்த விசுவாசிகள் பலர் வாதிடுகிறார்கள். மறுதரப்பினர் தம்புரோடும் நடனத்தோடும் துதிக்கச் சொல்லும் 150ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டி, தெருவில் இருப்பவனிடம் தெருவின் மொழியில்தான் பேச முடியும் என்கிறார்கள். முதல் தரப்பின் அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன்; இசைக்கு நினைவாற்றல் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த நினைவைத் தோண்டிக்கொண்டே போனால், அடியில் போகோ வட்டத்தின் மேளம் கிடைக்கிறது என்பதும் உண்மை. எனவே இரண்டாவது தரப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது.

குறைகளும் உண்டு. ரிடிம் சொத்தையாக இருந்தால் எத்தனை நல்ல பாடகர் வந்தாலும் நாலாவது பாட்டில் சலிப்பு தட்டிவிடும். இருபது பாடகர்களைச் சேர்க்கும் ஆசையில், ஒரே நான்கு சொற்றொடர்களை எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லும் தொகுப்புகளும் வருகின்றன. சொந்த அனுபவம் இல்லாத வரி இந்த வடிவத்தில் உடனே அம்பலமாகிவிடுகிறது. ஏனென்றால் அதே இசையில் சற்றுமுன் வேறொருவர் உண்மையாகப் பேசிவிட்டுப் போயிருப்பார்.

பல தொகுப்புகளின் கடைசிப் பாட்டு ‘வெர்ஷன்’ என்றே பெயரிடப்பட்டிருக்கும். குரல் எதுவும் இல்லாமல், ரிடிம் மட்டும் மூன்று நிமிடங்கள் ஓடும். புதிதாகக் கேட்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். பத்துப் பேரைக் கேட்டு முடித்தபின் அதைக் கேட்டால், முழங்கியவர் ஒவ்வொருவரும் எங்கே நுழைந்தார், எங்கே உயர்ந்தார், எந்தச் சொல்லில் நின்றார் என்பது அந்தக் காலி இடங்களில் தானாகக் கேட்கும். ரடி ரெட்வுட் குரலில்லாத தட்டைப் போட்ட இரவில் ஸ்பானிஷ் டவுன் மக்கள் செய்ததுபோலவே, உங்கள் வாயும் விட்டுப்போன வரிகளை முணுமுணுக்கத் தொடங்கியிருக்கும்.